மரத்த வாயில் ஒரு பாட்டு

அவளை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளி ஆண்டு விழாவில் ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகி வைத்துவிட்டு எலெக்ட்ரிக் கிட்டாரின் தடித்த தந்தியை அவள் ஒரு தட்டு தட்டியதும், முன்வரிசையில் இருந்த தலைமை ஆசிரியரின் மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கும் அது பிடித்துப்போனது. தம்பியை டிரம்ஸில் உட்காரவைத்து ராக் குழு தொடங்கியபோது குழுவுக்கும் அதையே வைத்தாள்.

முதல் ஆல்பத்தைப் பெரிய ஸ்டுடியோ ஒன்றில் பதிவு செய்தார்கள். அங்கிருந்த ஒலிப்பதிவாளர் தம்பியைக் கண்ணாடி அறைக்குள் அடைத்து, டிரம்ஸின் மேல் கம்பளியைப் போர்த்தி, "மெதுவா அடிப்பா, மீட்டர்ல முள்ளு எகிறுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆல்பம் வந்தது. கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இடிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்குடா. ஒரு சுருக்கம் இல்ல."

"சுருக்கம் இருந்தா யாரு கேப்பாங்கக்கா?"

"நான் கேப்பேன்."

அடுத்த ஆல்பத்தை வீட்டிலேயே எடுத்தாள். கீழே அவள் கணவரின் பல் ஆஸ்பத்திரி, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. டிரம்ஸைப் படிக்கட்டின் அடியில் போட்டுவிட்டு மைக்கை மாடிக் கதவில் தொங்கவிட்டாள். ஒவ்வொரு அடியும் படியேறி, சுவரில் முட்டி, மூச்சு வாங்கி, பெரிய ஆளாக வளர்ந்து மேலே போய்ச் சேர்ந்தது. அப்படியொரு சத்தத்தை அதுவரை யாரும் பாட்டில் கேட்டதில்லை.

"மேல வீட்ட இடிக்கிறாங்களா டாக்டர்?" என்று நாற்காலியில் கிடந்தவர்கள் கேட்டார்கள்.

"இல்லைங்க. என் வீட்டுக்காரி பாட்டு எடுக்கிறா. வாய நல்லாத் திறங்க."

அந்த ஆல்பம் வந்தபிறகு மற்றக் குழுக்கள் அவளைத் தேடி வந்தன. எல்லோருக்கும் அந்தப் படிக்கட்டுதான் வேண்டும். அவள் தர மறுத்தாள். முதலில் உட்கார்ந்து பேச வைப்பாள், பிறகு வாசிக்க வைப்பாள், அப்புறம்தான் அவர்களுக்கு எந்த இடம் என்று சொல்வாள். கூச்சப்பட்டுப் பாடிய ஒரு பெண்ணைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்துப் பதிவு செய்தாள். எப்போதும் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு குழுவை ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏற்றி, மேலும் கீழும் போகவிட்டு வாசிக்கச் சொன்னாள். இறங்கும்போது பாட்டும் முடிந்திருந்தது, சண்டையும் ஓய்ந்திருந்தது. தயாரிப்பாளர் என்று அவளுக்குப் பெரிய பேர் வந்தது.

ஆனால் அவளுடைய குழு கலைந்துபோனது. பேஸ் கிட்டார் வாசித்தவள் கல்யாணமாகி வெளிநாடு போனாள். தம்பி வேறு குழுக்களுக்கு வாசிக்கப் போனான். இடியின் கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "நீ எப்பக்கா வாசிக்கப்போற?" என்று தம்பி கேட்டால், "நேரம் எங்கடா?" என்பாள். அடுத்தவர்களின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, தன் சத்தம் எப்படி இருக்குமோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம் வந்திருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, கார்ச் சாவி கேட்கக் கீழே வந்தாள். நாற்காலியில் மல்லாந்து கிடந்தவர் 'சிங்கம்'. ஒரு காலத்தில் மைதானங்களைக் கிடுகிடுக்க வைத்த ராக் பாடகர். பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று பாடுவதையே விட்டிருந்தார். இப்போது கடைவாய்ப்பல் வலி. ஊசி போட்டாகிவிட்டது, வாய் மரக்கட்டும் என்று படுத்திருந்தார். படுத்தபடியே ஏதோ முனகினார்.

அந்த முனகலில் பழைய குரல் அப்படியே இருந்தது.

இடி மாடிக்கு ஓடினாள். மைக்கை எடுத்து வந்து, வாய்க்கு மேலே நின்ற விளக்கின் கையில் மாட்டினாள்.

"எதுக்கும்மா அது?"

"அண்ணே, விளக்குந்தான் தொங்குது. அத எதுக்குன்னு கேட்டீங்களா? நீங்க பாட்டுக்குப் பாடுங்க."

அவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயும் பாடாமல் வைத்திருந்த பாட்டொன்றைப் பாடினார். கணவர் குறடைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஏம்மா, மருந்து இறங்கிடும்."

"ஒரு சரணந்தாங்க."

சரணம் முடிந்தது, பல்லும் வந்தது.

பதிவைப் போட்டுக் கேட்டபோது சிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். 'ர' எல்லாம் 'ல' ஆகியிருந்தது, பாதிச் சொற்கள் கன்னத்திலேயே தங்கிவிட்டன. வாய் ஆறியதும் வந்து சுத்தமான உச்சரிப்பில் மறுபடி பாடினார். உப்புச் சப்பில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மரத்த வாயே இருக்கட்டும் என்று முடிவானது.

அதற்குக் கிட்டார்தான் அமையவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவ்வளவு ஒழுங்காக வாசித்தார்கள். அந்தக் குழறலுக்குப் பக்கத்தில் அது பள்ளிக்கூடச் சீருடை மாதிரி நின்றது. கடைசி ஆளும் போனபிறகு சிங்கம் கேட்டார்: "ஏன் தங்கச்சி, உனக்குக் கைல என்ன வலி?"

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டார்ப் பெட்டியை இழுத்தாள். தந்திகள் துருப்பிடித்திருந்தன. மாற்றாமல் அப்படியே வாசித்தாள். கரகரவென்று வந்த சத்தம் அவர் குரலின் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டாள்.

பாட்டு எங்கும் பரவியது. வரிகள் என்ன என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். வானொலிப் பேட்டியில் கேட்டபோது சிங்கம், "உங்களுக்கு என்ன கேட்டுச்சோ அதான் வரி" என்று சொல்லிவிட்டார். மறுபடி மேடையேறியபோது இடியையும் அவள் தம்பியையும் பிடிவாதமாகக் கூடவே அழைத்துப்போனார்.

ஊர் ஊராக வாசித்துத் திரும்பியதும், தன் சொந்த ஆல்பம் ஒன்று எடுக்கப்போவதாக இடி சொன்னாள். இந்த முறை வாசிக்கப்போவதும் தயாரிக்கப்போவதும் அவளே.

"டிரம்ஸ எங்க போடறது?" என்றான் தம்பி.

"கார் ஷெட்ல. மேல தகரக் கூரை. மழை பெய்யணும்."

"பெய்யலன்னா?"

"காத்திருப்போம். என்ன அவசரம்?"

வானம் பல வாரம் ஏமாற்றியது. ஒரு மத்தியான வேளையில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. கூரையில் முதல் துளி விழுந்த சத்தம் கேட்டதுமே இடி, தம்பி, கணவர் மூவரும் சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினார்கள். கூரை ஒழுகியது. கணவர்தான் மைக்குக்குக் குடை பிடித்தார்.