கேஸ் கம்மி

வேங்கிக்காலில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் இருந்தது அந்த ஆய்வகம். கிலோமீட்டர் கணக்கில் நீளும் துகள் முடுக்கியின் வேலையை ஒரு சாப்பாட்டு மேசை நீளத்தில் முடிப்பதாக, அதை நடத்தும் மதிவதனி நிதி கேட்டபோது எழுதிக் கொடுத்திருந்தாள். நாளைக்கு ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே புற்றுநோய்க்கு அதை வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்றும் சேர்த்திருந்தாள். எழுதிக் கொடுப்பது சுலபம்.

லேசரை ஹீலியம் வாயுவில் பாய்ச்சினால் வாயு பிளாஸ்மாவாகி அதில் அலை எழும்பும். எலக்ட்ரான்கள் அந்த அலையில் ஏறி வேகமெடுக்கும். அவற்றின் ஆற்றல் நூறு மெகா எலக்ட்ரான் வோல்ட் வரவேண்டும். ஐந்து மாதமாக அறுபதைத் தாண்டவில்லை. இன்று மதிப்பீட்டுக் குழு வருகிறது. இன்றும் தாண்டாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா.

குழுத் தலைவர் அருணகிரி பவுர்ணமி கிரிவல நெரிசலில் சிக்கி, இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து அவள் பின்னால் உட்கார்ந்தார். சுவருக்கு அப்பால் வாயு வால்வைப் பார்த்துக்கொண்டவர் அன்வர் பாஷா. போளூர் ரோட்டில் இருபது வருடம் ஃப்ரிட்ஜ் பழுது பார்த்தவர்.

முதல் ஷாட் ஐம்பத்தெட்டு. வாயு அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருப்பதைத் திரையில் பார்த்து அவள் மைக்கில் சொன்னாள்.

"கேஸ் கம்மி, பாய்!"

இறங்கியிருக்கிறது, ஏற்றுங்கள் என்று அர்த்தம். பாஷா வால்வைத் திருகி இன்னும் குறைத்தார்.

"பாய், காது கேக்குதா இல்லையா? என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

குழு முழுவதும் கேட்க அவள் கத்தி முடிப்பதற்குள் லேசர் பாய்ந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு.

அதே அழுத்தத்தில் இன்னும் பத்து ஷாட். ஒன்பது நூறைத் தாண்டின. வாயு குறைந்தால் எலக்ட்ரான் அலையை முந்த நேரமாகும். அதுவரை தள்ளு கிடைக்கும். இது அவளுக்குத் தெரியாததல்ல. ரொம்பக் குறைத்தால் எலக்ட்ரான் ஏறவே ஏறாது என்ற பயத்தில் அந்தப் பக்கமே போகவில்லை.

"கம்மி பண்ணலாம்னு யாரும்மா யோசிச்சது?" என்றார் அருணகிரி.

'நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கத்தியது நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது.

"பாய்தான், சார்."

"நான் எங்க சார்," என்றார் கதவருகே வந்து நின்ற பாஷா. "மேடம் கம்மின்னாங்க, பண்ணேன்."

திட்டம் நீடித்தது. மறுநாள் மதிவதனி பதிவேட்டைத் திறந்தாள். அழுத்தத்தைக் குறைத்ததற்கான காரணத்தைப் பாஷா தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'மேடம் சொன்னது.'

அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: 'பாய்க்குக் கேட்டது.'