பக்கவாட்டில் போகும் சக்கரம்

ஒரு சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குள் இத்தனை பாடா என்று அக்காவுக்கு அலுத்துப்போயிருந்தது. அணித் தலைவி அவள்தான். கூடப் பிறந்தவன் அணியில் இருந்ததால் மற்ற இரண்டு பேருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். அக்காவாகிவிட்டால் அப்புறம் கேட்கவா வேண்டும், எல்லா இழவும் அவள் தலையில்தான். பகலெல்லாம் கல்லூரி, அது விட்டால் இந்தப் பட்டறை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தாள்.

போட்டி ரோபோவுக்கு ரப்பர் சக்கரமா, மெக்கானம் சக்கரமா? இதுதான் பஞ்சாயத்து. மெக்கானம் என்றால் விளிம்பு முழுக்கச் சாய்வாகச் சின்னச் சின்ன உருளைகள் பதித்தது. நான்கையும் சரியாக மாட்டினால் ரோபோ முகம் திருப்பாமலே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். ஆனால் எதிராளி முட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடும். ரப்பர் அப்படியில்லை, பிடித்தால் பிடித்ததுதான். நாளைக் காலையில் எடை பார்த்து முத்திரை வைத்துவிடுவார்கள். பிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

"ரப்பர் போடுக்கா, கண்ணை மூடிக்கிட்டுப் போடு" என்று வக்கீல் உயிரை எடுத்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்த பட்டப்பெயர் அது. அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஓட்டுவது தம்பி. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இடம் வலம் குழம்பும். ரோபோ அவனைப் பார்த்துத் திரும்பிவிட்டால் போச்சு, இந்தப் பக்கம் தள்ள வேண்டியதை அந்தப் பக்கம் தள்ளுவான். மெக்கானத்தில் அந்தத் தொல்லை இல்லை, அதிகம் திருப்பவே வேண்டாம். ரப்பர் போட்டால் வக்கீல்தான் ஓட்டுவான், தம்பி வேடிக்கை பார்ப்பான். திட்டு வாங்கியே வளர்ந்த பிள்ளை, ஜாய்ஸ்டிக் கையில் இருக்கும்போதுதான் நிமிர்ந்து நிற்பான்.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றாள் அக்கா. மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், தேய்ந்துபோன பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, புதிதாக வந்த மெக்கானம் நான்கையும் அவளே மாட்டினாள். தம்பி டார்ச் பிடித்தான்.

டீ குடித்துவிட்டு வந்தார்கள். தம்பி ஓட்டினான். நேராகப் போனது. வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் நகர்ந்தது. திரும்பச் சொன்னால் நின்ற இடத்திலேயே வெடவெடவென்று நடுங்கியது.

வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தான். "இவனுக்குத்தான் ரெண்டு கையும் ஒண்ணாச்சே! சக்கரத்தையும் இடம் வலம் மாத்தி மாட்டியிருக்கான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், இவன் கூடத்தையே கோணலாக்கிட்டான்!"

அக்கா குனிந்து பார்த்தாள். மேலிருந்து பார்க்கும்போது நான்கு சக்கரத்தின் உருளைகளும் பெருக்கல் குறி மாதிரி நடுவைப் பார்த்துச் சாய வேண்டும். சாயவில்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ரோபோவைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு பெருக்கல் குறி பார்த்து மாட்டியிருக்கிறாள். நிமிர்த்தினால் எல்லாம் மாறிப்போகும். முதல் வருஷத்துப் பொடிசுகூடச் செய்யாத தப்பு.

'நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. அக்கா சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ரப்பர் என்று முடிந்துவிடும். அவனுக்காக இனி யாரிடமும் வாதாட வேண்டாம். வீட்டுக்குப் போகலாம், படுக்கலாம். அட, எவ்வளவு நிம்மதி.

"ஆமா, நான்தான் மாட்டினேன்" என்றான் தம்பி. "ரப்பரே போடுங்க." ஜாய்ஸ்டிக்கை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

ஸ்பேனரும் கையுமாகவே திரிவதால் ஸ்க்ரூ என்று பெயர் வாங்கிய நாலாவது ஆள், உடனே சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தான். அக்கா வெளியே ஓடினாள். தம்பி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா பொய் சொன்னே? நீதான் பக்கத்துலயே நின்னியே, தெரியும்ல உனக்கு?"

"தெரியும். நீ சொல்லுவேன்னு பாத்தேன். பேசாம நின்னே." அவன் குழாயை மூடினான். "உனக்கு அதுதான் வேணும்போலன்னு நினைச்சேன்க்கா."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவம் இத்தனை கனம் கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"டேய் ஸ்க்ரூ, நிறுத்து! கவுத்துப் போட்டுத் தப்பா மாட்டினது நான். அவன் இல்ல. வலதுல இருக்கறத இடதுல மாட்டு, இடதுல இருக்கறத வலதுல. மெக்கானம்தான், இனிமே பேச்சே கிடையாது."

வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது. வாதாடாமல் அவனே குனிந்து ஒரு சக்கரத்தைப் பிடித்தான். மாற்றி மாட்டியதும் ரோபோ சொன்ன பேச்சுக் கேட்டது. தள்ளின பக்கம் போனது, திரும்பச் சொன்னால் திரும்பியது.

தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். "இந்தாடா."

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். வாங்கிக்கொள்ளவில்லை.

"வேணாம்க்கா. வக்கீல்கிட்டயே குடு. நீ போய்த் தூங்கு" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பாள்.