துலூஸை விட்டு வெளியே வராதவர்

“கட்டுரையில் என் பெயரைப் போடுங்கள்.”

இதை மட்டும் என் பேராசிரியரிடம் கேட்கவே கூடாதென்று அப்பா சொல்லியிருந்தார். அப்பாவின் ஜேர்மன் நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கு நற்சான்றுக் கடிதம் கொடுத்தவர் அவர். ஆனாலும் கேட்டேன்.

1355 இலையுதிர்காலத்தில் ஆங்கிலேய இளவரசன் பிரான்சின் தெற்கே பொர்தோவிலிருந்து நர்போன் வரை படை கொண்டுபோனான். சண்டைக்கல்ல, எரிக்க. ஆலை, களஞ்சியம், வைன் பீப்பாய், கூரை. வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அவனைப் பற்றியே எழுதினார்கள். நான் இரண்டு கோடைகாலம் தெற்குப் பிரான்சின் ஆவணக் காப்பகமொன்றில் இருந்து, எரிந்த ஊர்ச் சனங்கள் வரிவிலக்குக் கேட்டு எழுதிய மனுக்களை வாசித்தேன். அவர்களுடைய ஆத்திரம் இளவரசன் மேல் இல்லை. காக்க வேண்டிய பிரபு பெரும்படையோடு துலூஸ் நகர மதிலுக்குள் இருந்தாரே, வெளியே வரவில்லையே என்பதுதான். அதை ஊர் ஊராக அட்டவணை போட்டவள் நான். ஒரு வரலாற்றுச் சஞ்சிகையில் அச்சுக்குப் போகும் கட்டுரையில் அது பேராசிரியருடைய உதவியாளரின் பெயரில் இருந்தது.

“உங்கள் தந்தையிடம் கேட்டேனே. ஆட்சேபம் இல்லை என்றார்.”

“எனக்கு இருபத்துநாலு வயது. என்னிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்?”

“உங்கள் கலாசாரத்தில் தந்தைதான் முடிவெடுப்பார் என்று நினைத்தேன்.”

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அப்பா ஆஸ்பத்திரிக் குசினியில் காலைச் சமையல் வேலை முடித்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“பேராசிரியரிட்டப் போனனீங்களோ?”

“ஓம். நன்றி சொல்ல வேணுமெல்லே. வெறுங்கையோட போறதே எண்டு பயத்தம் பணியாரமும் கொண்டுபோனன்.”

“என்ர அட்டவணையைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?”

“கைன் ப்ரொப்ளேம், ஒரு பிரச்சினையும் இல்லை எண்டனான்.”

பதினொரு வயதிலிருந்து வெளிநாட்டவர் அலுவலகம், டொக்டர், வீட்டுக்காரன் என்று எல்லா இடமும் அவருக்காக ஜேர்மன் கதைத்தவள் நான். எனக்காக அவர் கதைத்தது இந்த ஒரு தடவைதான்.

“விளங்காமல் சொன்னனீங்களோ?”

கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: “விளங்கினது பிள்ளை. கடிதத்தில கையெழுத்து வைக்க முதல்தான் கேட்டவர்.”

அடுப்படியிலிருந்து அம்மா, “ஒரு பேப்பருக்கு ஏனடி பிறின்சி இந்தத் துள்ளல்? அறுநூறு வருசத்துக்கு முந்தி எரிஞ்சது உன்ர வீடே?” என்றார்.

“வீடு அவையின்ர. வேலை என்ர.”

“அந்தாள் கடிதத்தைத் திருப்பி வாங்கினால் நாங்கள் எங்க போறது?” என்றார் அப்பா.

“பன்ரண்டு வருசமா அந்தக் குசினியில நிக்கிறியள். கடிதம் இல்லாட்டியும் வதிவிடத்துக்கு அன்ட்ராக் போடலாம். நீங்கள் பயத்தில என்னைக் குடுத்துப்போட்டியள்.”

“அந்தச் சஞ்சிகைக்கு மட்டும் எழுதிப்போடாத. கும்பிட்டுக் கேக்கிறன்.”

“திகதி போட்ட என்ர குறிப்புக் கொப்பியெல்லாத்தையும் பிரதி எடுத்து அனுப்பிட்டன். வரேக்கயே தபால்பெட்டியில போட்டாச்சு.”

அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. அப்பா எழும்பி, கதிரையைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். பார்க்கவில்லை.

“சாப்பிட்டிட்டுப் போ,” என்றார் அம்மா.

“பசிக்கேல்லை.”

மேலங்கியை நான் கழற்றியிருக்கவே இல்லை. கதவைத் திறந்து படியிறங்கினேன்.