ஒற்றை வாசல் கொட்டகை

டீச்சருக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து நின்றபடியே புரோகிராமிங் வகுப்பு. உட்காரலாமென்றால், மேசைமேல் கிடந்த இரண்டு விடைகள் உட்கார விடவில்லை.

கேள்வி இதுதான்: கொட்டகைக்குள் வண்டிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. எது முதலில் வெளியே போகும்? அதற்கேற்ற அமைப்பில் புரோகிராம் எழுதுக. வகுப்பே கியூ என்று எழுதியிருந்தது. முதலில் வந்தது முதலில் போகும். அண்ணியும் நாத்தனாருமான இரண்டு பேர் மட்டும், அடுக்கிவைத்த தட்டுகளைப் போல, கடைசியாக வந்தது முதலில் போகும் என்று எழுதியிருந்தார்கள்.

ஒரே வீட்டுக்காரிகள், ஒரே தப்பு. டீச்சருக்கு மூக்கில் வேர்த்தது. வகுப்பு முழுக்கக் கேட்கவே போட்டு உடைத்தாள்.

"யாரு யாரைப் பாத்துக் காப்பி அடிச்சீங்க? உண்மையைச் சொல்லலன்னா ரெண்டு பேருமே நாளைலேருந்து வர வேண்டாம்."

"இவங்களைப் பாத்தா?" நாத்தனார் உதட்டைச் சுழித்தாள். "நாங்க பேசியே மாசக்கணக்காச்சு, டீச்சர். உப்பு வேணும்னாகூட எங்க அண்ணன் மூலமாத்தான் கேக்குறேன்."

"அந்த உப்பையும் நான்தான் வாங்கிட்டு வரேன்" என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்து. கடைசி பெஞ்சில் சிரிப்பு.

சண்டையே நாடகமாக இருந்தால்? ஏமாந்துவிடக் கூடாதென்று கடைக்காரரின் எடைக்கல்லைக்கூடத் திருப்பிப் பார்க்கும் கூலிக்கார வீட்டில் வளர்ந்தவள் டீச்சர். வகுப்பு கலைந்ததும் இருவரையும் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்து வெள்ளைத்தாள் நீட்டினாள். "நீங்க நினைச்ச கொட்டகையை வரைங்க."

இரண்டிலும் அதே ஒல்லிக் கொட்டகை, ஒரே வாசல், ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள். ஆனால் அண்ணி அடுப்படி ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருந்தாள். உள்ளே மாட்டிக்கொண்ட ஸ்கூட்டர்தான் பெரிதாக இருந்தது. நாத்தனார் வரைந்தது தெருவில் நின்று பார்ப்பதுபோல. வாசலை அடைத்த வேன் பெரிது.

"எங்க வீட்டுக் கொட்டகை, டீச்சர். கடைசியா வந்த வேன் நகராம ஸ்கூட்டர் எப்படிப் போகும்? பறந்தா?" என்றாள் நாத்தனார்.

"ஸ்கூட்டர் என்னுது. வேன் இவ அண்ணனோடது. தினமும் காலைல இதே கூத்துதான்" என்று முணுமுணுத்தாள் அண்ணி.

டீச்சர் தன் கேள்வியைத் திரும்பப் படித்தாள். கொட்டகைக்கு எத்தனை வாசல் என்று அதில் இல்லவே இல்லை. முதல்ல இடத்தைப் பாருங்க, அப்புறம் அமைப்பைத் தேர்ந்தெடுங்க என்று தொண்டை கிழியக் கத்தியவள் அவள்தான். இந்த இரண்டு பேர்தான், அதுவும் தனித்தனியாக, இடத்தைப் பார்த்தவர்கள். மற்ற அத்தனை பேரும் அச்சடித்தாற்போல ஒன்றையே எழுதியிருந்தும், அவர்கள்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"நாளைக்கு வந்துடுங்க, ரெண்டு பேருமே" என்றாள்.

அவர்கள் தெருவின் ஆளுக்கொரு ஓரமாக நடந்து போனார்கள். டீச்சர் மதிப்பெண்ணை அப்போதே திருத்திவிட்டாள். ஆனால் பழி போட்டது வகுப்பே கேட்க. பெஞ்சுகளோ இப்போது காலி. அந்த இருவருக்கும், எல்லார் காதிலும் விழும்படி ஒரு மன்னிப்பு, இன்னும் பாக்கி.