துர்கா வைத்த ஸ்டேட்டஸ்

லாரி கழுவியே கை வெளுத்துப்போன கிளீனர் மோகன்ராஜுக்கு ஒருவழியாக ஹெவி லைசென்ஸ் வந்தது. "நாளைக்குக் காலைல நீயே வண்டிய எடுடா" என்றார் திருமுடிவாக்கத்து லாரி முதலாளி பாலகுரு. அன்று சாயங்காலமே அவன் மனைவி துர்கா ஷெட்டுக்கு ஓடினாள். நின்ற லாரியில் அவனை ஏற்றி, ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லி, எதிரே நின்று படம் எடுத்தாள். 'கிளீனர் பொண்டாட்டி' என்று வாய்க்கு வாய் இளக்காரம் பேசிய அண்ணியின் வயிறு எரியட்டும் என்று, "முதல் டிரிப் கிளம்பியாச்சு!" என்று ஸ்டேட்டஸும் போட்டாள்.

இருவரும் வீடு திரும்பிய பிறகு, முதலாளியின் மகன் குடித்துவிட்டு அதே லாரியை எடுத்துப் போனான். பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் மேல் ஏற்றிக் கொன்றுவிட்டு ஓடிவந்து படுத்துக்கொண்டான், பாவி. காலையில் போலீஸ் பிடித்துப் போனது மோகன்ராஜை.

ஸ்டேஷனில் துர்கா தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். "அவரு வூட்லதான் இருந்தாரு சார். வண்டிய இன்னும் ஓட்டவேயில்ல சார்!"

பாலகுருவின் போனை வாங்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார் இன்ஸ்பெக்டர். படத்தில் மோகன்ராஜின் பல்லும் லாரியின் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. "அப்ப இதப் போட்டது யாரும்மா?"

பாலகுரு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அழுவாத துர்கா. அவன் வெளிய வர்ற வரைக்கும் அந்த வண்டிக்கு வேற டிரைவரே போடமாட்டேன். என் புள்ளையே ஓட்டிகினு இருப்பான்."