வாயால் பிரேக் போடுவது

காசிமாயனுக்கு ஓட்டத் தெரியாத வண்டி கிடையாது. ஆனால் பெரிய மனிதர் யாரையாவது பார்த்து ஒரு வேலையைச் செய்யச் சொல்ல வேண்டுமென்றால் அவனுக்கு நாக்கு எழும்பாது.

மேலூரில் ஓர் அரிசி மில் முதலாளிக்குக் கார் ஓட்டிய காலத்தில் வந்த பழக்கம் அது. முதலாளி பின்சீட்டில் இருந்தபடி வழி சொல்வார். தப்பாகச் சொன்னாலும் காசிமாயன் அந்த வழியிலேதான் போவான். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள், முதலாளி காட்டிய திருப்பத்தில் திரும்பி நத்தம் போய்ச் சேர்ந்தார்கள். "ஒனக்கு வழி தெரியாதாடா?" என்று முதலாளி கேட்டார். "தெரியுங்கய்யா" என்றான் காசிமாயன்.

முதலாளி காலமானதும் பிள்ளைகள் காரை விற்றுவிட்டார்கள். காசிமாயனுக்கு இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று, பொண்டாட்டி ஒச்சாயியின் அண்ணன் அழகுமலையிடம் போய் லாரி ஓட்டுவது. அழகுமலை சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடி, வண்டிப்பெரியாறு பக்கம் என்னவோ வேலை பார்த்து, காசோடு திரும்பிக் கல்குவாரி எடுத்தவர். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. காசோடு வந்தவனை யார் கேட்பார்கள்? அந்த மனிதர் கல்யாணப் பந்தலில், சனம் பார்க்க, "என் தங்கச்சிக்குக் கஞ்சியாவது ஊத்துவியா மாப்ள?" என்று கேட்டுவிட்டார். ஊரில் எல்லார் முன்னாலும் கைகட்டி நிற்கிற காசிமாயன் அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தான்: செத்தாலும் மச்சான் முன்னால் மட்டும் கைகட்டி நிற்பதில்லை. இல்லாதவனுக்கும் ஒரு வீம்பு வேண்டாமா?

இன்னொரு வழி, ஆரப்பாளையத்தில் கிறிஸ்துராஜ் நடத்திவந்த டிரைவிங் ஸ்கூல். அங்கே கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். வண்டிகளைச் சோதித்து லைசென்சு கொடுக்கிற அந்த அதிகாரியை ஊரே அப்படித்தான் கூப்பிடும்.

கிறிஸ்துராஜ் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன். வயதில் சின்னவர்தான், ஆனாலும் எதையும் பாடமாகத்தான் சொல்வார். ஸ்கூலின் பழைய ஹெரால்டு காரில் இடது சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. அதைக் காட்டி, "இது இருக்குன்னு மறந்துருங்கண்ணே. கத்துக்குடுக்குறவனுக்கு வாய்தான் பிரேக்கு" என்றார்.

அந்த வாய்தான் வம்பாகப் போனது. ஸ்கூலுக்கு வந்தவர்கள் டாக்டர், வக்கீல், நகைக்கடைக்காரர். காசிமாயன் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு சீட்டின் நுனியில் உட்காருவான். "டாக்டரய்யா, முன்னால ஒரு மாடு வருதுங்க. நமக்கு அவசரம் இல்லேன்னா…" என்று அவன் ஆரம்பித்து முடிப்பதற்குள், அந்தக் காருக்குள் இருந்த இருவரையும்விட விவரமான அந்த மாடு ஒதுங்கிப் போயிருக்கும்.

பரீட்சை அன்று இன்ஸ்பெக்டரே டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். "நான் ஒண்ணும் தெரியாதவன். நீ கத்துக்குடு. பெடலைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மைதானத்துச் சுவரைப் பார்த்து வண்டியை விட்டார். சுவர் நெருங்கியது. "ஐயா, தப்பா நெனைக்கப்படாது" என்றான் காசிமாயன். சுவர் இன்னும் நெருங்கியது. "ஐயாவுக்குத் தோதுப்பட்டா, அந்த நடுப் பெடலைக் கொஞ்சம்…"

சுவருக்கு ஒரு சாண் முன்னால் இன்ஸ்பெக்டரே பிரேக்கை மிதித்தார். "நீ சொல்ல வந்ததைச் சொல்லி முடி. அப்புறம் இறங்குவோம்" என்றார்.

அடுத்த மாதம் இன்னொரு தடவை வரச் சொன்னார்கள். அதிலும் தேறாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கிறிஸ்துராஜ் வருத்தத்தோடு சொன்னார். வீட்டில் ஒச்சாயி அதைக் கேட்டுக்கொண்டே உலையில் அரிசியைப் போட்டாள். பிறகு, "எங்கண்ணன் காரு ஓட்டப் படிக்கணுமாம். ஒங்க ஸ்கூல்ல சேத்துவிடவா?" என்றாள்.

"ஒங்கண்ணனா? எனக்குக் கீழயா?"

"ஒங்களுக்குக் கீழதான்."

காசிமாயன் அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அழகுமலை மொடமொடப்பான வெள்ளைச் சட்டை வேட்டியோடு, விரல் நிறைய மோதிரத்தோடு வந்து சேர்ந்தார். குவாரியில் அவர் முன்னால் எவனும் சத்தமாக இருமக்கூட மாட்டான் என்பார்கள். ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "ஹாரன் எங்கிட்டு இருக்கு மாப்ள?" என்று கேட்டார். கிளம்பின வண்டி நாலடி போய், வேப்பமர நிழலில் அணைந்து நின்றது.

காசிமாயனுக்கு அடைத்திருந்த மடை திறந்துகொண்டது.

"கிளட்ச்ச இப்படியா விடுவாக? கண்ணு ரோட்டு மேல இருக்கா, மோதிரத்து மேல இருக்கா?" என்றான். மூன்றாம் நாள் 'மச்சான்' போய் 'யோவ்' வந்தது. "யோவ், இது கியரா ஒலக்கையாய்யா? நெல்லா குத்துற? ஒன் தங்கச்சியக் கட்டுன பாவத்துக்கு நான் ரோட்டுல கெடந்து சாகணுமா?"

"சரி மாப்ள. தப்புத்தான் மாப்ள" என்றார் அழகுமலை.

காசிமாயனுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு மாதம் வாய்த்ததில்லை. பந்தலில் வாங்கியதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தான். காலையில் எழும்போதே சந்தோசமாக இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து கவனித்த கிறிஸ்துராஜுக்கு ஒன்றுதான் ஆச்சரியம். "இம்புட்டுத் தப்புப் பண்றாரு, வண்டியில ஒரு கீறல் இல்லை. கர்த்தர் கிருபை" என்றார். பிறகு காசிமாயனிடம், "இதே வாயை இன்ஸ்பெக்டர்கிட்டயும் கொண்டாங்கண்ணே" என்றார்.

"அவரு கவருமெண்டு, சார். இவரு மச்சான்."

"அந்த சீட்டுல உக்காந்தா எல்லாரும் மச்சான்தான்."

இரண்டாம் பரீட்சைக்கு ஒச்சாயியும் அழகுமலையும்கூட வந்து மர நிழலில் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஏறினார். பெடலைத் தொடக்கூடாது என்றார். அதே சுவர்தான். 'ஐயா' என்கிற வார்த்தை காசிமாயனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இதை விட்டால் நாளைக்குக் குவாரியில் கைகட்டி நிற்க வேண்டும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. பக்கத்தில் பார்த்தான். வெள்ளைச் சட்டை. ஒரு விரலில் மோதிரம்.

"யோவ், பிரேக்கை மிதிய்யா! ஒன் தங்கச்சியக் கட்டுன பாவத்துக்கு நான் செவுத்துல மோதிச் சாகணுமா?"

வண்டி நின்றது. சுவருக்கு இன்னும் பத்தடிக்கு மேல் இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்த இன்ஸ்பெக்டர், மூடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"எனக்குத் தங்கச்சி கெடையாது" என்றார். "ஆனா வண்டி நின்னுருச்சு." கையெழுத்துப் போட்டார்.

ஆபீஸ் முத்திரை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவதாகச் சொல்லி கிறிஸ்துராஜ் அங்கேயே தங்கிவிட்டார். ஸ்கூல் வண்டியை அழகுமலை எடுத்தார். பக்கத்தில் காசிமாயன், பின்னால் ஒச்சாயி. வழக்கம்போல் இரண்டு தடவை அணைந்து, மூன்றாம் தடவை கிளம்பியது.

சிம்மக்கல்லில் வெங்காய மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கழன்று ரோட்டில் கிடந்தது. அதற்குப் பின்னால் இவர்கள் வண்டி நின்றது. இவர்களுக்குப் பின்னால் டவுன் பஸ் ஒன்று ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. அந்த நேரம் பக்கத்தில் மூட்டை அடுக்கும் கிட்டங்கியிலிருந்து ஒரு லாரி, பின்னால் நின்று வழி சொல்ல ஆள் இல்லாமல், நேரே இவர்களைப் பார்த்து ரிவர்ஸில் வந்தது. காசிமாயன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

கியர் விழுந்த சத்தமும் வரவில்லை. அழகுமலை திரும்பிப் பார்க்கவில்லை. வலது முழங்கை ஜன்னலில் இருந்தபடி இருக்க, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கை ஒடித்தார். பஸ்ஸுக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் நடுவில், ஒரு சைக்கிள்காரன் யோசித்துத்தான் நுழைகிற சந்துக்குள் ஹெரால்டு பின்பக்கமாக வழுக்கிப் போய் நின்றது. லாரி முன்னால் கடந்து போனது. அப்புறம்தான் அழகுமலைக்கு ஞாபகம் வந்தது. கிளட்சை வெடுக்கென்று விட்டார்.

"ஆஃப் ஆயிருச்சு மாப்ள" என்றார்.

காசிமாயன் அவர் கையைப் பார்த்தான். திரும்பி ஒச்சாயியைப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியாக வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீறல் விழாத வண்டியும், தவறாமல் வேப்பமர நிழலாகப் பார்த்து அணைந்த இஞ்சினும் அவனுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன.

"வண்டிப்பெரியாறுல என்ன வேலை பாத்தீக?"

"லாரிதான். மலையில" என்றார் அழகுமலை. கொஞ்சம் கழித்து, "பந்தல்ல நான் அப்படிக் கேட்டுருக்கக் கூடாது" என்றார்.

காசிமாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதம் இந்த மனிதரை உலக்கை என்றும் உரல் என்றும் சொல்லியிருக்கிறோமே என்று நினைத்தான். மடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான். சீட்டின் நுனிக்கு நகர்ந்தான்.

"மச்சான், தப்பா நெனைக்கப்படாது. ஒங்களுக்குத் தோதுப்பட்டா, வண்டியக் கொஞ்சம்…"

"இந்தா மாப்ள" என்றார் அழகுமலை. "இப்படிப் பேசுனா செவுத்துலதான் போயி முட்டுவோம். ஒழுங்காத் திட்டு."

காசிமாயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"யோவ், எடுய்யா வண்டிய. திரும்புறதுக்கு முன்னால கையக் காட்டு" என்றான்.

"சரிங்க சார்" என்று அழகுமலை மோதிரக் கையை வெளியே நீட்டினார்.