இருபது நிமிட நடை

"கயித்த விடு குணா. நடுவீட்டுல அப்பாவ..."

"வீங்கிப் போயிடும்ணே, நடத்தலன்னா..."

"...கெடத்தியிருக்கு. ஊரே பாக்குது. நீ என்னடான்னா குதிரைய..."

"காயம் மேல மூடிக்கிட்டு உள்ள நீர் கட்டிக்கும். அப்புறம் சீழு. ரெண்டு வேள நடந்தே ஆகணும்."

"அத நடத்தப் போயித்தான் அவரு செத்தாரு."

குணவதி கயிற்றை விடவில்லை. அண்ணன் சசிதரன் லாயக் கதவில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மூணு மணிக்கு எடுக்குறாங்க. அதுக்குள்ள வந்துரு லா."

கோலா கெத்தில் வட்டாரத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விட்டுவந்தவர் அவர்களுடைய அப்பா முருகையா. நேற்றுக் காலைதான் இந்தச் செவலைக் குட்டிக்குக் காயடித்தார்கள். இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ரணஜன்னி ஊசியும் போட்டு, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. மதியம் கால்நடை டாக்டர் பரஞ்சோதி போன் செய்தபோது முருகையா குளித்துக்கொண்டிருந்தார். எடுத்தது குணவதி.

"இன்னிக்கு லாயத்த விட்டு எடுக்கவே கூடாதும்மா, ரத்தம் பிச்சுக்கிட்டு வரும். நாளையிலேர்ந்து ரெண்டு வேள, இருபது இருபது நிமிஷம் நடத்தச் சொல்லு."

வாசலில் பேக்டரி பஸ் ஹார்ன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டே குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"ப்பா, குட்டிய ரெண்டு வேள இருபது நிமிஷம் நடத்தணுமாம்."

அவ்வளவுதான். 'நாளையிலேர்ந்து' அவளோடு பஸ் ஏறிவிட்டது.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர், மூன்று மணி வெயிலில் குட்டியை வெளியே கொண்டு போனார்.

இப்போது அவள் அதை மெல்ல நடத்தினாள். பின்னங்காலின் உட்புறத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. செம்பனைத் தோட்டத்து ஓர மண்பாதையிலும் அங்கங்கே கரும்பொட்டுகள். ஒரு மரத்தடியோடு அவை நின்றுபோயின. அங்கே மட்டும் தட்டளவுக்குத் தேங்கி உறைந்திருந்தது. அப்பா விழுந்த பிறகு, ஆள் வரும்வரை குட்டி நகரவே இல்லை போலிருக்கிறது.

இருபது நிமிடம் முடித்துத் திரும்பினாள். பின்வாசலில் அம்மா ரமணி நின்றிருந்தாள். தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாகப் பெண்கள் அவளைக் கடைசியாக அலங்கரித்திருந்தார்கள்.

"ம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

ரமணி குட்டியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"சசி ஏதோ கோவத்துல பேசுறான், மனசுல வெக்காதடி. நாஞ்சொல்லி எத கேட்டிருக்காரு? வெயிலு தாழட்டும்னேன். 'குணா சொல்லிட்டுப் போயிருக்கு, மறந்தா கோவிச்சுக்கும்'னு ஊத்தி வெச்ச தேத்தண்ணியக்கூட குடிக்காம கயித்த எடுத்தாரு."